சித்தியின் நோய்க்கு வைத்த பெயர்

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை, வேரைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் தானாக வந்துவிடும் என்று அவளுடைய மிஸ் சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி வேலை கிடைத்தால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம், என்னோடு படித்த உங்களுக்குத்தான் தெரியுமே. புத்தகம் என் மடியில். அவள் கீழே உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே பதில் சொல்கிறாள்.

"கார்டியோ."

"இதயம்."

"நெஃப்ரோ."

"கிட்னி."

"ஹிஸ்டெரோ."

"கருப்பை, ஆன்ட்டி. எங்கம்மாவுக்கு எடுத்தாங்களே, ஹிஸ்டெரெக்டமி. அதான்."

அடுத்த சொல்லுக்குப் போயிருக்க வேண்டும். விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"அப்போ இஸ்டீரியா?"

"அதுவும் அதே வேர்தான். இப்ப டாக்டருங்க யாரும் அப்படி எழுதறதில்லையாம், பழைய வார்த்தை. கருப்பை ஒடம்புக்குள்ள எடம் மாறி ஓடுது, அதனாலதான் பொம்பளைங்களுக்கு இழுக்குது, மயக்கம் வருதுன்னு அந்தக் காலத்துல நெனச்சாங்களாம். மிஸ் சொல்லும்போது கிளாஸே சிரிச்சிது. இன்னா ஆன்ட்டி, நிறுத்திட்டீங்க?"

நான் சிரிக்கவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாகக் காதில் கிடந்த ஒரு வாக்கியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்." அதை டாக்டர் தன் புத்தியால் சொன்னார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்தான் அவர் வாயால் பேசியிருக்கிறது.

இருங்கள், முன்னால் ஓடுகிறேன். வகுப்பிலும் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கியவள்தானே நான்.

நம்மோடு ஆறாம் வகுப்பில் பெஞ்சைப் பகிர்ந்துகொண்டவர்களில் நாலைந்து பேருக்காவது என் சித்தியை நினைவிருக்கும். அம்மாவின் தங்கை. இருபது வயது. எங்களோடுதான் இருந்தாள். காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நீல நிறக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாளே, குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள்தான். அப்போது ஒரகடத்தில் என்ன இருந்தது? ஏரி, வேர்க்கடலைக் கொல்லை, ஜல்லி லாரிகள் கிளப்பும் செம்மண். இன்று கார் கம்பெனிகளின் மதில் சுவர் போகும் இடமெல்லாம் நாம் இலந்தைப் பழம் பொறுக்கிய இடம். கம்பெனி வேலை என்றால் அன்றைக்கு மறைமலை நகர்தான். அதுவும் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

சித்திக்குக் காயில் சுற்றும் வேலை. தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஒரு சின்னக் கட்டையில் சுற்ற வேண்டும், அந்தச் சுருளுக்குத்தான் காயில் என்று பெயர். இத்தனை சுற்று என்றால் இத்தனைதான், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அவளுக்கு நீள விரல். லைனில் அவள் காயில் திரும்பி வந்ததே இல்லை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆறு மாதம் சோதனைக் காலம். ஆகஸ்டில் சேர்ந்தவளுக்கு ஜனவரி கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே மூச்சாக இருந்தது.

எண்ணத் தெரியாது எனக்கு அப்போது. அதாவது, நடுவில் யாராவது பேசினால் விட்டுவிடுவேன். சித்திதான் கற்றுக்கொடுத்தாள்.

"வாயால எண்ணாதடி. மூச்சால எண்ணு. யார் இன்னா சொன்னாலும் மூச்சு நிக்காது இல்ல? அதும்மேல நம்பரை ஏத்தி வுடு."

நான் தப்பாமல் நூறு வரை எண்ணிக் காட்டிய அன்றைக்குக் கழிவுக் கம்பியில் ஒரு மோதிரம் சுற்றிக்கொடுத்தாள். ஈரம் பட்டுப் பச்சை பூக்கும், விரலில் கறை விடும். எங்கே தொலைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. தங்கத்தில் இரண்டு தொலைத்திருக்கிறேன், அவை நினைவில் இல்லை.

அக்டோபர் மாதம் ஜெபமாலை நாட்கள். சாயங்காலம் ஊர் மாதா கோயிலில் ஜெபமாலை சொல்வோம். என் அப்பா உபதேசியார், பாதிரியார் வராத நாளில் ஜெபம் நடத்துகிறவர், அதனால் கோயில் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஒரு சாண் நீள இரும்புச் சாவி, கதவருகில் ஆணியில் தொங்கும். வெளியே மழை. மூன்றாவது தேவ ரகசியம் சொல்லும்போது சித்தி ஒரு சத்தம் போட்டாள். ஆடு கத்துவதுபோல. அப்படியே பின்னால் சாய்ந்தாள். உடம்பு விறைத்தது, பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

எதிர் வீட்டம்மா கோயிலுக்கு வருகிறவர் இல்லை. இந்துக் குடும்பம், கொல்லையில் கத்தரி போட்டிருந்தார்கள். சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து ஓடிவந்தவர் அவர்தான்.

"இரும்பு குடுங்க அதுங்கையில. இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்தச் சாவிய எடுடி."

அப்பா கையிலிருந்து நான்தான் பிடுங்கிக்கொண்டு போனேன். சித்தியின் இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்தோம். எதிர் வீட்டம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. சாவியால்தான் அடங்கியது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஆணியிலிருந்து சாவியை எட்டி எடுத்துக்கொண்டு ஓடியவள் நான். அந்த வீட்டில் எனக்கு அது ஒரு பதவி.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர் இருந்தது. காக்காய் வலிப்பு. அந்தப் பெயர் வந்துவிட்டால் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாது, கம்பெனி பஸ் கிடையாது, விசேஷ வீட்டில் அடுப்பண்டை நிற்க விடமாட்டார்கள். எதிர் வீட்டம்மாகூட "அது" என்றுதான் சொன்னார்.

நவம்பரில் டாக்டரிடம் போனோம். அம்மா, அப்பா, சித்தி, நான். ஸ்ரீபெரும்புதூரில் நல்ல பெயர் உள்ள டாக்டர். கெட்டவர் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் முப்பது பேர் காத்திருந்தார்கள், ஆனாலும் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

"தூங்கும்போது வருதா?"

"இல்லீங்க," என்றாள் அம்மா.

"நாக்கைக் கடிச்சுக்குதா? ரத்தம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். விடியற்காலையில் கிணற்றடியில் அம்மா தலையணை உறை துவைப்பதை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தேன். தண்ணீர் சிவப்பாகப் போகும். கேட்டதற்கு "சித்திக்கு ஈறு வீங்கியிருக்கு" என்றாள். ஈறுதான்போல என்று மிட்டாயைக் கடித்தேன்.

"நாலு பேர் இருக்கும்போதுதான் வருது, இல்லையா?"

"ஆமாங்க," என்றார் அப்பா. எங்கள் வீட்டில் நாலு பேர் இல்லாத நேரம் எது என்று அவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "பயப்படாதீங்க. இது வலிப்பு இல்ல. இஸ்டீரியா. வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான். மனசுல ஏதாவது ஏக்கம் இருக்கும். கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும். இன்னொண்ணு, விழுந்தா யாரும் ஓடிப்போகக் கூடாது. சாவி குடுக்கிறது, மடியில போட்டுக்கிறது, எதுவும் வேணாம். கவனிக்கக் கவனிக்க அதிகமாகும். கண்டுக்காம வுட்டா தானா எழுந்துக்கும்."

சித்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வேணும்னு பண்ணலீங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

"வேணும்னு பண்றேன்னு சொல்லலம்மா. உனக்கே தெரியாம பண்றே."

வெளியே வந்ததும் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் எங்கள் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தார். எப்படிப்பட்ட நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. காக்கையின் பெயர் இல்லை, ஆங்கிலப் பெயர். கல்யாணத்தால் தீர்கிற நோய். அம்மா பஸ்ஸில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரத்தம் இல்லை என்று அம்மா சொன்ன பொய்க்குக் கைம்மேல் பலன் கிடைத்துவிட்டது. அவளைப் பொய் சொல்ல வைத்தது பயம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தங்கைக்கு நல்ல பெயருள்ள நோயாகத் தேடிக் கொடுத்தாள், வேறென்ன செய்வாள்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் என்னைவிட யாரும் கொண்டாடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். சயின்ஸ் சாரிடம் கேட்டேன். "அது பொண்ணுங்க சமாச்சாரம், போய் உக்காரு" என்றார். அது இன்னும் பெருமையாக இருந்தது. உங்களிடம் வந்து பீற்றிக்கொண்டேனே, மறந்திருக்கமாட்டீர்கள். எங்க சித்திக்கு வலிப்பு இல்ல, இஸ்டீரியா. அதற்குப் பிறகுதான் இடைவேளையில் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. ஒருத்தி வேப்பமரத்தடியில் விழுந்து கையைக் காலை உதறுவாள், மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் நொண்டி ஆட வேண்டும், முதலில் திரும்பிப் பார்ப்பவள் அவுட். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. விதிமுறை வகுத்துக்கொடுத்தவளே நான்தான்.

வீட்டிலும் விதிமுறை வந்தது. அப்பா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "சித்தி வுழுந்தா கிட்டப் போகாதீங்க. வேற ரூமுக்குப் போயி மெதுவா நூறு எண்ணுங்க. அதுக்குள்ள எழுந்துக்குவா."

டிசம்பரில் ஒரு முறை வந்தது. நாங்கள் மூவரும் உள்ளறையில் நின்று எண்ணினோம். அப்பா உதடு அசைய, அம்மா கண்ணை மூடிக்கொண்டு. சத்தம் கேட்டு வந்த எதிர் வீட்டம்மா வாசலிலிருந்தே கத்தினார். "சாவி எங்கடி? இன்னா எல்லாரும் உள்ள நின்னுக்கினு கீறீங்க?"

நான்தான் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை. இது இஸ்டீரியா. டாக்டர் கண்டுக்கக் கூடாதுன்னுட்டாரு."

பதினொரு வயது எனக்கு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச வூடு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் ஓடிவரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவள் நான். சாவி ஆணியிலேயே கிடந்தது, கோயில் திறக்க மட்டும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மணிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தி அம்மாவிடம் கெஞ்சினாள்.

"அக்கா, ஜனவரி முடியட்டும். பெர்மனெண்ட் ஆவட்டும். அப்பறம் நீ எவனைக் காட்டினாலும் கழுத்த நீட்டறேன்."

"வைத்தியத்த தள்ளிப் போடலாமாடி?"

"கல்யாணம் வைத்தியமா அக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் போன மாதம் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்துவிட்டேன். பழைய கிரேக்கத்தில் வைத்தியர்கள் கருப்பையை ஒரு தனி உயிர்போல நினைத்தார்களாம். பிள்ளை இல்லாமல் காய்ந்து போனால் அது கிளம்பி மேலே ஏறுமாம், நெஞ்சை அமுக்குமாம், தொண்டையை அடைக்குமாம். மணமுள்ள பொருள்களைக் காட்டி அதைக் கீழே வரவழைப்பார்களாம். நிரந்தரத் தீர்வு கல்யாணமும் பிரசவமும். அந்தச் சொல்லுக்குள்ளேயே மருந்துச் சீட்டும் எழுதி மடித்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ நூறு வருடம் கழித்து, கடல் தாண்டி, ஒரு பெஞ்சும் மேஜையும் போட்ட அறையில் ஒரு நல்ல மனிதர் அதைப் பிரித்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். அவருக்கும் தெரிந்திருக்காது.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. கம்பெனி லீவு. அப்பாவும் அம்மாவும் மணிமங்கலம் பக்கம் போயிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேதி சொல்ல. வீட்டில் சித்தியும் நானும். நான் உள்ளறையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். சித்தி வாசற்படியில் நின்று சொன்னாள்:

"நீ வரைஞ்சிக்கினு இரு. நான் சோறு வடிச்சிட்டு வந்து கலர் அடிச்சித் தரேன்."

பிறகு அந்த ஆட்டுச் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம்.

எழுந்தேன். கதவிடுக்கில் பார்த்தால் அடுக்களையில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. குதிகால் சிமெண்ட் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. என் தலைக்கு மேலே ஆணியில் சாவி. கை தானாகப் போனது. நான் அதை இறக்கிக்கொண்டேன். கையை, சாவியை அல்ல.

எண்ண ஆரம்பித்தேன். மூச்சின்மேல் நம்பரை ஏற்றி, அவள் கற்றுக்கொடுத்த மாதிரி. ஒன்றுகூடத் தாண்டவில்லை. நாற்பதில் குதிகால் மெதுவானது. அறுபதில் நின்றது. நின்றுவிட்டதே, போகலாம் என்று தோன்றியது. ஆனால் நூறு என்றால் நூறு. நான் நேர்மையான பிள்ளை.

நூறு முடிந்ததும் போனேன். சோற்றுப்பானை கவிழ்ந்து கிடந்தது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியும் சோறும் ஒரு மேடாக. அந்த மேட்டுக்குள் சித்தியின் இடது கை இருந்தது. முழங்கை வரை. அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் போய்க் கத்தினேன். எதிர் வீட்டம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். ஊர் கூடியபோது யாரோ கேட்டார்கள், நீ எங்க இருந்தே என்று.

"இப்பத்தான் வந்தேன்," என்றேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் அம்மா என்னையும் அழைத்துப்போனாள். கட்டிலில் சித்தி, கையில் வெள்ளைப் பொதி. ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு, "எப்படி விழுந்தீங்க?" என்று ஆரம்பித்தார். அப்பா ஓரமாக நின்று, "இஸ்டீரியாங்க" என்றார்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "யார் சொன்னது? இஸ்டீரியான்னா கொதிக்கிற சோத்துல கைய வெச்சிக்கினு படுத்திருப்பாங்களா? விழுந்தப்ப கூட யார் இருந்தா? பார்த்தவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது ஞாபகம் இருக்காது."

பார்த்தவள் நான் ஒருத்திதான். சத்தம், விறைப்பு, வெட்டி இழுத்தது, எத்தனை மூச்சில் நின்றது, எல்லாம் என்னிடம் கணக்காக இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பையின் காதை முறுக்கிக்கொண்டே வாயைத் திறந்தேன்.

அதற்குள் சித்தி சொன்னாள். "அவ அப்பறந்தான் வந்தா டாக்டர். வூட்ல நான் மட்டுந்தான் இருந்தேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அம்மா, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துல வரும் டாக்டர்," என்றாள். "தலகாணி ஒறையெல்லாம் ரத்தமா இருக்கும். நாந்தான் யாருக்கும் தெரியாம தொவச்சி வெப்பேன். அந்த டாக்டர் கேட்டாரு. நாந்தான் இல்லன்னு பொய் சொல்லிட்டேன். இவளுக்கு ஒரு வாழ்க்க கெடைக்கணுமேன்னு."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. எழுதிக்கொண்டார். "வலிப்புதாம்மா. மூளையில வர்றது. தினம் மாத்திரை போட்டா அடங்கும். இதுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இல்ல. பண்ணிக்கலாம், பண்ணிக்காம இருக்கலாம்."

அந்த நோயின் ஆங்கிலப் பெயருக்கும் இப்போது வேரைப் பார்த்துவிட்டேன். எபிலெப்சி. பிடித்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். ஏதோ ஒன்று வந்து பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதில் யார் ஏக்கமும் இல்லை, யார் கருப்பையும் இல்லை.

மாத்திரையில் அடங்கிவிட்டது. ஒரு வெள்ளை மாத்திரை, நான்கணா அளவுகூட இல்லை. ஆனால் இடது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கி ஒட்டிக்கொண்டன. காயிலுக்குப் பத்து விரலும் வேண்டும். கட்டு அவிழ்த்த மறுநாள் சித்தி கூட்டு ரோட்டில் போய் நின்றாள். நீல பஸ் வந்தது. ஏறவில்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்களோடு பேசிவிட்டு வந்தாள். "எல்லாரையும் கேட்டதா சொன்னாளுங்க" என்றாள் அம்மாவிடம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிறகு ஆளே வரவில்லை.

எங்கள் வீட்டில் இஸ்டீரியா என்ற சொல் அதோடு நின்றது. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கோயிலுக்குப் புதுக் கதவு வந்தபோது புதுப் பூட்டும் வந்தது, பழைய சாவி எங்கே போயிற்றோ. அந்தச் சாவி யாரையும் குணப்படுத்தவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் ஓட வேண்டியிருந்தது. ஓடிய ஆள் அங்கே இருந்தாள். அந்தச் சனிக்கிழமை நான் மூடநம்பிக்கையோடு இருந்திருந்தால் சித்தியின் கை அறுபது எண்ணிக்கைக்கு முன்பே, இல்லை, பத்துக்கு முன்பே வெளியே வந்திருக்கும்.

சித்தி இருக்கிறாள். அறுபதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண்களுக்கான ஒரு விடுதியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். தெற்கிலிருந்து வரும் பெண்கள், பதினெட்டு பத்தொன்பது வயது, ஷிப்ட் முடித்து வந்து விழுந்து தூங்குகிறவர்கள். போன வருடம் நான் போயிருந்தபோது ஒரு பெண் சாப்பாட்டு வரிசையில் மயங்கி விழுந்தாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, "எக்கா, அவ சும்மா நடிக்கா. நாளைக்கு லீவு போடணும்லா, அதுக்குத்தான்," என்று சிரித்தாள்.

சித்தி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. மூன்று விரல் கையால் அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பி, தட்டை எட்டத் தள்ளினாள். பிறகுதான் சிரித்தவளைப் பார்த்தாள்.

"வுழுந்தா மொதல்ல ஓடியா. பேரு அப்பறம் வெச்சிக்கலாம்."

எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லவில்லை என்றும் இருந்தது. நான் உள்ளே நின்று எண்ணியது அவளுக்குத் தெரியுமா என்பதுதான் நாற்பது வருடமாக எனக்குத் தெரியாத விஷயம். சோறு வடிக்கப் போகும் முன் என்னிடம் பேசிவிட்டுத்தான் போனாள். நான் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வலிப்பு வந்தால் அதற்கு முந்தைய சில நிமிடங்களும் சில சமயம் அழிந்துபோகுமாம், நர்சிங் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். ஆக, "வூட்ல நான் மட்டுந்தான் இருந்தேன்" என்று அவள் மறந்துபோய்ச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாளா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம், போதும். முதலில் கருப்பை மேலே ஏறுகிற கதையைச் சொல்வேன், சிரிப்பாள், அவளுக்குச் சிரிக்க உரிமை உண்டு. சிரித்து முடித்ததும் அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். வாக்கியம் தயார். "சித்தி, அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன்." அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி, நான் எண்ணிக்கொண்டு நிற்கமாட்டேன்.